நடுவுல மாட்டிக்கிட்ட சித்தப்பா

போன வருஷம் நாங்க நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து ஞாயித்துக்கிழமை ராத்திரி ஆனா கூகுள் மீட்ல உக்காந்து நாடகம் வாசிக்க ஆரம்பிச்சோம். நடிப்பு கிடிப்பெல்லாம் கிடையாது, ஆளுக்கு நாலஞ்சு கேரக்டர்னு பிரிச்சுக்கிட்டு சத்தமா வாசிக்கிறது, புரியலன்னா நிறுத்தி சண்டை போடறது, அவ்வளவுதான். ஷேக்ஸ்பியரோட 'இரண்டாம் ரிச்சர்ட்' முறை வந்தப்போ சீட்டு குலுக்கிப் போட்டதுல ரிச்சர்ட் பார்ட் எங்க வக்கீல் நண்பனுக்குப் போயிடுச்சு. அவன் சிவில் சைடு, பாகப்பிரிவினை கேஸா பாத்துப் பாத்து நொந்து போனவன். எனக்கு வந்தது யார்க் டியூக், கூடவே தோட்டக்காரன், வேலைக்காரன்னு சில்லறை ரோல்கள். கொஞ்சம் கடுப்பாத்தான் இருந்துச்சு. காலேஜ்ல இந்த நாடகத்த நான் நோட்ஸ் மட்டும் படிச்சு பாஸ் பண்ணவன், அந்த நோட்ஸ்ல யார்க்குக்கு இருந்தது ஒரே வரி, உறுதி இல்லாத கிழவர்னு.

ஆனா ஒருத்தரோட வசனத்த மட்டும் முதல்லேருந்து கடைசி வரைக்கும் நம்ம வாயால சொல்லிட்டு வந்தா கதையே வேற மாதிரி தெரியுதுங்க. எல்லாரும் இத பட்டத்த இழந்த ராஜாவோட சோகக்கதைன்னு சொல்வாங்க, சரிதான், ஆனா யார்க் உக்காந்திருக்கற இடத்துலேருந்து பாத்தா இது அப்பன் சொத்து புள்ளைக்குப் போகுமா போகாதாங்கற ஒரே கேள்விதான், அத ஆளாளுக்கு தனக்கு வசதியா பேசறாங்க, யார்க்கும் சேத்துதான்.

முறை என்னன்னு முதல்ல சொல்லிடறேன். இங்கிலீஷ்ல இவங்க எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் 'கசின்'னு கூப்பிட்டுக்கறாங்க, அந்த வார்த்தைல ஒரு சூடும் இல்ல. நம்ம முறைல வெச்சுப் பாருங்க. மூணாம் எட்வர்டுன்னு ஒரு ராஜா, 50 வருஷம் ஆண்டவர், ஆம்பளப் புள்ளைங்க நிறைய. மூத்தவன், கருப்பு இளவரசன்னு பேர் வாங்கினவன், அப்பா உயிரோட இருக்கும்போதே 1376ல செத்துட்டான். அதனால அடுத்த வருஷம் கிழவர் போனதும் பட்டம் நேரா பேரன் ரிச்சர்டுக்கு வந்துச்சு, அப்ப அவனுக்கு 10 வயசு. எட்வர்டோட இன்னொரு பையன் ஜான் ஆஃப் காண்ட், லங்காஸ்டர் டியூக், நாட்டுலயே பெரிய பணக்காரர், அவர் மகன்தான் போலிங்புரோக். காண்ட்டுக்கு அடுத்த தம்பி யார்க். ஆக ரிச்சர்டும் போலிங்புரோக்கும் பெரியப்பா மகன் சித்தப்பா மகன், ஏறக்குறைய ஒரே வயசு, சுருக்கமா சொன்னா பங்காளிங்க. யார்க் ரெண்டு பேருக்குமே சித்தப்பா. 'கசின்'ங்கற இடத்துல எல்லாம் மனசுக்குள்ள 'பங்காளி'ன்னு போட்டு வாசிச்சுப் பாருங்க, நாடகம் பாதி அப்பவே புரிஞ்சிடும்.

கதை ஆரம்பிக்கிறது 1398ல. இன்னொரு சித்தப்பா குளோஸ்டர், அதுக்கு முந்தின வருஷம் பிரான்ஸ் கரைல இருக்கற கலே (Calais) ஊர்ல காவல்ல இருந்தப்பவே செத்துப் போனார், கொன்னது மவ்ப்ரேங்கறவன்தான்னு போலிங்புரோக் ராஜா முன்னாடி வந்து குற்றம் சாட்டறான். கொல்லச் சொன்னது யாருன்னு சபைல எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வாயத் தொறக்கல. கோவென்ட்ரில ரெண்டு பேரும் குதிரைல ஈட்டியோட மோதப் போற கடைசி நொடில ரிச்சர்ட் நிறுத்தச் சொல்லி, மவ்ப்ரேக்கு ஆயுசுக்கும், போலிங்புரோக்குக்கு 10 வருஷமும் நாடு கடத்தல்னு தீர்ப்பு சொல்றான். அப்பா காண்ட் கண்ணு கலங்கறதப் பாத்துட்டு சரி 4 வருஷம் குறைச்சுக்கறேன்னு காய்கறிக் கடைல பேரம் முடிக்கிற மாதிரி குறைக்கிறான். இந்த சீன்லயே இவன் எப்படிப்பட்ட ஆளுன்னு தெரிஞ்சிடும்.

அப்புறம்தான் நாடகத்தோட ஆணிவேர் சீன். காண்ட் சாகக் கிடக்கறார். அவர் அப்ப பேசற பேச்சத்தான் இங்கிலாந்துல தேசபக்திக்கு மேற்கோளா அடிக்கடி எடுத்துப் போடுவாங்க, வெள்ளிக் கடல்ல பதிச்ச ரத்தினக் கல்லு இந்தத் தீவு அப்படி இப்படின்னு. பாதியோட நிறுத்திடுவாங்க. அந்த வாக்கியம் முடியற இடத்துல கிழவர் சொல்றது என்னன்னா, இப்பேர்ப்பட்ட நாட்ட ஏதோ குத்தகை நிலம் மாதிரி வாடகைக்கு விட்டுட்டாங்கடான்னு. புலம்பல் அது. ரிச்சர்ட் வர்றான், சித்தப்பா திட்டறார், இவன் பதிலுக்குத் திட்டறான், அவர உள்ள தூக்கிட்டுப் போறாங்க, கொஞ்ச நேரத்துல செத்துட்டார்னு தகவல் வருது. ரிச்சர்ட் ஒரு ரெண்டு வரி, பழுத்தது விழுந்துடுச்சுங்கற மாதிரி ஏதோ சொல்லிட்டு உடனே, சரி அயர்லாந்து சண்டைக்குக் காசு வேணும், அதனால காண்ட்டோட வெள்ளிப் பாத்திரம், காசு, வருமானம், தட்டுமுட்டு எல்லாத்தையும் எடுத்துக்கறோம்ங்கறான். ஒடம்பு சூடு ஆறல.

இங்கதான் யார்க் வெடிக்கிறார், நான் மைக் முன்னாடி முதுக நிமித்தி உக்காந்த இடம் இது. எத்தனை நாள் நான் பொறுத்துக்கறதுன்னு ஆரம்பிச்சு, அழுது, உங்கப்பன் எப்பேர்ப்பட்டவன் தெரியுமான்னு சொல்லி, கடைசில விஷயத்துக்கு வர்றார். போலிங்புரோக்கோட உரிமைய எடுத்துட்டேன்னா காலத்துக்கிட்டேருந்து அதோட சாசனத்தையே புடுங்கற மாதிரி, அப்புறம் இன்னைக்கு பின்னாடி நாளைக்கு வரவேண்டாம்னும் சொல்லிடு, நீ நீயா இருக்காத, ஏன்னா முறைப்படி ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் வர்ற வாரிசு வரிசைய விட்டா நீ வேற எப்படி ராஜா?

வக்கீல் வாசிப்ப நிறுத்தச் சொல்லிட்டான். அவனுக்குப் பிடிச்சது அந்த தத்துவம் கூட இல்ல, அதுக்கு அடுத்தாப்ல வர்ற சட்ட விவரம். போலிங்புரோக் நாடு கடத்தலுக்குப் போகும்போதே, நான் இல்லாதப்போ ஏதாவது சொத்து எனக்கு எறங்கினா என் சார்பா என் வக்கீல்கள் போய் வாங்கிக்கலாம்னு ராஜாகிட்டயே எழுதி வாங்கிட்டுத்தான் போறான். "டேய், பவர் குடுத்துட்டுப் போயிருக்கான்டா"ன்னு எங்க வக்கீல் கத்தினான். அந்தப் பவரத்தான் ரிச்சர்ட் ரத்து பண்றான். இது கற்பனை இல்ல, காண்ட் செத்தது 1399 பிப்ரவரி ஆரம்பத்துல, மார்ச் 18ஆம் தேதி நிஜமாவே அந்த எழுத்த ரத்து பண்ணி நாடு கடத்தலையும் ஆயுசுக்கும் நீட்டினாங்க. பட்டமும் பட்டாவும் ஒரே கயித்துல கட்டினது, தன் பட்டத்த விட்டுட்டு அடுத்தவன் பட்டாவ மட்டும் அறுக்க முடியாதுன்னு வக்கீல் சொன்னான். ஊர்ல இருக்கற ஒவ்வொரு நிலக்காரப் பிரபுவும் அன்னைக்கு ராத்திரி நம்ம புள்ளைக்கு என்ன ஆகும்னுதானே யோசிச்சிருப்பான்.

ரிச்சர்டோட பதில் என்ன தெரியுமா, நீங்க என்ன வேணா நெனச்சுக்கங்க, நாங்க எடுத்துக்கறோம். யார்க் கோவிச்சுக்கிட்டு வெளிய போறார். அவர் முதுகு மறையறதுக்குள்ள ரிச்சர்ட் அறிவிக்கறான், நான் அயர்லாந்து போய்ட்டு வர்ற வரைக்கும் நாட்டப் பாத்துக்கப் போறது நம்ம யார்க் சித்தப்பாதான், அவர் நியாயமானவர், நம்ம மேல பாசமானவர்! மூஞ்சி மேல திட்டினவர்கிட்டயே சாவியக் குடுத்துட்டுப் போறான். சரித்திரத்துலயும் யார்க் கைலதான் நாட்ட விட்டுட்டுப் போனான்.

அதுக்கப்புறம் நாலு வாரம் எனக்கு செம காமெடி. போலிங்புரோக் யார்க்ஷயர் கரைல ரேவன்ஸ்பர்ல எறங்கிட்டான்னு செய்தி. யார்க் கழுத்துல கவசத்த மாட்டிக்கிட்டு மூச்சு வாங்க வர்றார், படை இல்ல, காசு இல்ல. மகன் எங்கடான்னா போயிட்டான்கறான் வேலைக்காரன். சரி, செத்துப்போன தம்பி குளோஸ்டரோட வீட்டம்மாகிட்ட போய் ஆயிரம் பவுண்டு கடன் வாங்கிட்டு வாடான்னா, ஐயா நான் வர்ற வழில போனேன், நான் போறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி அவங்க செத்துட்டாங்கன்னு அவன் சொல்றான். (வேலைக்காரனும் நானே, யார்க்கும் நானே, எனக்கு நானே சாவு சொல்லிக்கிட்டேன்.) பதட்டத்துல ரிச்சர்டோட ராணிய 'சிஸ்டர்'னு கூப்பிட்டுட்டு நாக்கக் கடிச்சுக்கறார். ரெண்டு பேரும் என் ரத்தம், ஒருத்தனுக்கு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன், இன்னொருத்தனுக்கு அநியாயம் நடந்திருக்கு, நான் என்ன பண்றதுன்னு அல்லாடறார். கல்யாண வீட்டுல ரெண்டு தரப்புக்கும் பொதுவா போய் மாட்டிக்கிற பெரியவர் ஒருத்தர் எல்லா குடும்பத்துலயும் இருப்பாரே, அச்சு அசல் அவர்தான்.

பெர்க்லி கோட்டை முன்னாடி போலிங்புரோக் முட்டி போட்டு சித்தப்பாங்கறான். சித்தப்பாவும் வேணாம் ஒண்ணும் வேணாம், துரோகிக்கு நான் சித்தப்பா இல்லன்னு எகிறறார். அவன் அமைதியா சொல்றான், நாடு கடத்தப்பட்டப்போ நான் ஹெர்ஃபோர்டு டியூக், இப்ப வந்திருக்கறது லங்காஸ்டர், என் பங்காளி இங்கிலாந்துக்கு ராஜான்னா நான் லங்காஸ்டருக்கு டியூக்தான். யார்க் ரிச்சர்டுகிட்ட சொன்ன அதே லாஜிக், வார்த்தை மட்டும் வேற. தன் வாதத்தையே தனக்கு எதிரா திருப்பிப் போட்டா கிழவர் என்ன பண்ணுவார்? முடிஞ்சா உங்க எல்லாரையும் அரெஸ்ட் பண்ணுவேன், ஆனா ஆள் பலம் இல்ல, அதனால நான் நடுநிலைங்கறார். சொல்லிட்டு அதே மூச்சுல, சரி போய்ட்டு வாங்க, இல்லன்னா உள்ள வந்து ராத்திரி தங்கிட்டுப் போறீங்களா? நாங்க நாலு பேரும் சிரிச்சு முடிக்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. ஒரு நாட்டோட ஆட்சி மாறின நொடி அது, படுக்கைய விரிச்சுக் குடுத்துட்டார் மனுஷன்.

தோட்டக்காரன் சீன் சின்னதுதான். இந்த நாடகத்துல உரைநடையே கிடையாது, தோட்டக்காரன் கூட செய்யுள்லதான் பேசுவான். ஆப்ரிகாட் மரத்துக் கிளை காய் பாரத்துல தொங்குது, அடங்காத புள்ளைங்க அப்பன கூன் போட வெக்கிற மாதிரி இருக்கு, முட்டுக் குடுத்துக் கட்டுங்கறான். மரத்துல கூட அப்பன் புள்ள கணக்குதான்.

பட்டம் எறங்கற சீன் நடக்கற இடம் வெஸ்ட்மின்ஸ்டர் ஹால். ரிச்சர்டே பல வருஷமா செலவு பண்ணி மரக்கூரை போட்டுப் புதுப்பிச்ச ஹால், அதுல கூடின சபைதான் அவன எறக்குது. அந்தக் கூரை இன்னைக்கும் இருக்கு. நாடகத்துல யார்க்தான் உள்ள வந்து போலிங்புரோக்குகிட்ட (அவன் சொந்தப் பேர் ஹென்றி) அறிவிக்கிறார், எறகு பிடுங்கின ரிச்சர்ட் உன்ன வாரிசா தத்து எடுத்துக்கறான், ஏறி உக்காரு, நாலாம் ஹென்றி வாழ்கன்னு. ஒரே வயசு பங்காளிய தத்தெடுக்கறதாம்! ஹென்றின்னு ராஜா பேர முதல்ல சொன்ன வாயே இவர் வாய்தான். வரிசை வரிசைன்னு கத்தின அதே வாய். இத்தனைக்கும் வரிசைன்னு பாத்தா காண்ட்டுக்கு மூத்த ஒரு அண்ணனோட வம்சத்துல மார்டிமர்னு ஒரு சின்னப் பையன் இருந்தான், அப்ப 7 வயசு, அவனப் பத்தி யாரும் மூச்சு விடல. பின்னாடி ரோஜாப் பூ சண்டைன்னு நாடே ரத்தக்காடானதுக்கு அந்தக் கோடும் ஒரு வித்து.

ரிச்சர்ட் வர்றான். ராஜா வாழ்கன்னு அவனே சொல்லிட்டு, ஒருத்தரும் ஆமென் சொல்லலியா, அப்ப பூசாரியும் நானே பக்தனும் நானேவான்னு கேக்கறான். கிரீடத்த எடுத்து நீட்டறான். இந்தா பங்காளி, பிடி. இந்தப் பக்கம் என் கை, அந்தப் பக்கம் உன் கை. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சிருக்காங்க, விடவும் இல்ல இழுக்கவும் இல்ல. இந்தக் கிரீடம் ஒரு ஆழக் கிணறு, ரெண்டு வாளி, காலி வாளி மேல காத்துல ஆடுது, கண்ணீர் நெறஞ்ச வாளி நான், கண்ணுக்குத் தெரியாம அடில கெடக்கேன்கறான். நீ விட்டுக் குடுக்கத் தயாருன்னுல்ல நெனச்சேன்னு போலிங்புரோக் கேக்கறான். கிரீடம்தான் உனக்கு, துக்கம் என்னோடதுதான்கறான். இவன் பேசப் பேச அவன் பதில் ஒரு வரி, ரெண்டு வரி. எங்க வக்கீல் அன்னைக்கு நல்லாவே வாசிச்சான், குரல் கொஞ்சம் பிசிறிடுச்சு. 1973ல ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனில ஜான் பார்டன் இத போட்டப்போ இயன் ரிச்சர்ட்சன், ரிச்சர்ட் பாஸ்கோ ரெண்டு பேரும் இந்த ரெண்டு ரோலையும் மாத்தி மாத்திப் பண்ணியிருக்காங்க, ஒரு நாள் ராஜா மறுநாள் பங்காளி. இந்த சீனுக்கு அத விடப் பொருத்தமான ஐடியா எனக்குத் தோணல.

இந்த சீனுக்கே தனியா ஒரு கதை இருக்கு. நாடகம் 1597ல அச்சானப்போ இது புத்தகத்துல இல்ல, 1608ல வந்த பதிப்புலதான் இருக்கு. முதல்லயே எழுதி வெட்டினாங்களா பின்னால சேத்தாங்களான்னு இன்னும் அடிச்சுக்கறாங்க, நான் வெட்டினாங்க கட்சி. ஏன்னா அப்ப ஆண்டது முதலாம் எலிசபெத், 60 தாண்டினவங்க, கல்யாணம் இல்ல, புள்ள இல்ல, அடுத்து யாருன்னு பேசினாலே ஆபத்து. பீட்டர் வென்ட்வொர்த்னு ஒரு எம்.பி. வாரிசப் பத்திக் கேட்டதுக்காக அவர லண்டன் டவர் சிறைல போட்டாங்க, அங்கயே செத்தார். 1601 பிப்ரவரில எசெக்ஸ் பிரபுவோட ஆளுங்க ஷேக்ஸ்பியரோட கம்பெனிகிட்ட வந்து ரிச்சர்ட் பட்டம் எறங்கற நாடகத்தப் போடுங்கன்னாங்க. பழைய நாடகம், கூட்டம் வராதுன்னு நடிகருங்க இழுக்க, வழக்கமா வர்ற காசுக்கு மேல 40 ஷில்லிங் தர்றோம்னு சொல்லி சனிக்கிழமை போட வெச்சாங்க. கேட்டு வந்தவங்கள்ல சார்லஸ் பெர்சின்னு ஒருத்தர், நாடகத்துல போலிங்புரோக்குக்கு வலது கையா இருக்கற நார்தம்பர்லேண்ட் பெர்சி வம்சத்துக்காரர், 200 வருஷம் கழிச்சு தாத்தா பண்ணத மேடைல பாக்கக் காசு குடுக்கறார்! மறுநாள் ஞாயித்துக்கிழமை எசெக்ஸ் லண்டன் தெருவுல கலகம்னு கெளம்பினார், ஜனங்க ஒருத்தர் கூட சேரல, அந்த மாசமே 25ஆம் தேதி தலை போச்சு. நடிகருங்களுக்கு ஒண்ணும் ஆகல, ஆச்சரியம்தான், அதுக்கு முந்தின நாள் ராத்திரி அவங்க ராணி முன்னாடியே வேற ஏதோ நாடகம் போட்டுட்டு இருந்தாங்க. அந்த வருஷம் ஆவணக் காப்பாளர் லம்பார்டுகிட்ட ராணி, "நான்தான் இரண்டாம் ரிச்சர்ட், தெரியாதா உமக்கு"ன்னு சொன்னதா ஒரு குறிப்பு இருக்கு.

சரி, நம்ம சித்தப்பாவுக்கு வருவோம். அஞ்சாம் அங்கத்துல வீட்டுல உக்காந்து பொண்டாட்டிகிட்ட ஊர்வலத்தப் பத்தி சொல்றார், போலிங்புரோக்குக்கு ஜன்னல் ஜன்னலா வாழ்த்து, பின்னாடி வந்த ரிச்சர்ட் தலைல மண்ண வாரிக் கொட்டினாங்க, அவன் மெதுவா தட்டி விட்டுக்கிட்டான்னு. சொல்லும்போதே அழறார். அழுதுட்டு, இனிமே நமக்கு ராஜா ஹென்றிதான்னு கண்ணத் தொடச்சுக்கறார். அப்ப மகன் ஆமர்ல் உள்ள வர்றான், சட்டைக்குள்ளேருந்து ஒரு முத்திரை வெளிய தொங்குது. என்னடா அது? ஒண்ணுமில்லப்பா. புடுங்கிப் படிச்சா புது ராஜாவ ஆக்ஸ்ஃபோர்டுல வெச்சுக் கொல்ல சதி. என் பூட்ஸக் கொண்டாடான்னு கத்தறார், ராஜாகிட்ட போய்ச் சொல்ல. அம்மாக்காரி பூட்ஸ் கொண்டு வர்ற வேலைக்காரன அடிச்சுத் தொரத்தறா, நமக்கு வேற புள்ள இருக்கா இவன விட்டான்னு கதறறா.

வாசிக்கும்போது சிரிப்பாத்தான் இருந்துச்சு, எங்களுக்கும் சிரிப்பு வந்துச்சு, அடுத்த சீன்ல ராஜா முன்னாடி குடும்பமே மாத்தி மாத்தி முட்டி போடறப்போ போலிங்புரோக்கே இது பிச்சைக்காரி ராஜா கூத்து மாதிரி ஆயிடுச்சேங்கறான். ஆனா நான் சொல்ற வசனம் என்ன? என் புள்ளைய மன்னிக்காதீங்க, கொல்லுங்க. அடுத்தவன் புள்ளைக்கு அப்பன் சொத்து போகணும்னு ராஜா மூஞ்சி மேல சண்டை போட்டவர், இப்ப தன் ஒரே வாரிசத் தன் கையால கொண்டாந்து வெட்டுங்கறார். ரெண்டாவது தடவ வாசிக்கும்போது எனக்குக் குரல் எழும்பல. பக்கத்து ரூம்ல என் பையன் தூங்கிட்டு இருந்தான், அது ஒரு காரணமா இருக்கலாம். இத்தனைக்கும் அந்த அம்மாவ ஷேக்ஸ்பியர் சும்மா கொண்டாந்து நிறுத்தியிருக்கார், நிஜத்துல ஆமர்லோட அம்மா 1392லயே செத்தாச்சு, யார்க்குக்கு இன்னொரு மகனும் இருந்தான், அந்த மகனோட பேரன்தான் பின்னாடி நாலாம் எட்வர்டா பட்டம் ஏறினது. இந்த சீன் தொடங்கறதே போலிங்புரோக் என் உருப்படாத புள்ள எங்கன்னு யாருக்காவது தெரியுமா, பாத்து மூணு மாசம் ஆச்சுன்னு கேக்கறதுலதான். பட்டத்தப் புடுங்கினாச்சு, குடுக்கறதுக்கு புள்ளையக் காணோம்.

ரிச்சர்ட் பாம்ஃபிரெட் கோட்டை சிறைல சாகறான். நாடகத்துல எக்ஸ்டன்னு ஒருத்தன் வெட்டிக் கொல்றான், நிஜத்துல 1400 பிப்ரவரில பட்டினி போட்டே கொன்னிருக்கணும்னு பல பேர் நம்பறாங்க, லண்டன் செயின்ட் பால்ஸ் சர்ச்சுல மொகத்தத் திறந்து வெச்சு ஊருக்குக் காட்டினாங்க.

கடைசி ஞாயித்துக்கிழமை கடைசி சீன். அன்புச் சித்தப்பா யார்க்னு கூப்பிட்டுத்தான் போலிங்புரோக் அத ஆரம்பிக்கிறான், கலகக்காரங்க ஒரு ஊரக் கொளுத்திட்டாங்கன்னு செய்தி. நான் மைக்க ஆன்ல வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒவ்வொருத்தனா வந்து யார் யார் தலைய லண்டனுக்கு அனுப்பியாச்சுன்னு கணக்கு சொல்றாங்க. எக்ஸ்டன் சவப்பெட்டியோட வர்றான். உன் ஃபேன் சத்தம் கேக்குது ம்யூட் போடுன்னு ஒருத்தி சொன்னா, இரு யார்க்குக்கு லைன் வரும்னேன். போலிங்புரோக், இவன் சாகணும்னு நெனச்சேன்தான், ஆனா கொன்னவன வெறுக்கறேன்கறான், புனித பூமிக்குப் போய்க் கையக் கழுவணும்கறான். நான் பக்கத்தத் திருப்பினேன். புக்கு முடிஞ்சிருச்சு. மேடைல நிக்கிறார் கிழவர், சீன் பூரா நிக்கிறார், பொட்டில இருக்கறதும் அண்ணன் புள்ள, நாற்காலில இருக்கறதும் அண்ணன் புள்ள, அவருக்கு ஒரு வரி கூட எழுதல. சரின்னு ம்யூட் போட்டேன்.